ஆர்ஜென்டினா மாஸ்டரின் இடாப்பு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஆர்ஜென்டினா நாட்டில் ஓர் இசையமைப்பாளர் தமது எண்பத்தெட்டாவது வயதில் காலமானார்.
2. மறுநாள் காலை, கோப்பாய்ச் சந்தியிலிருந்து உரும்பிராய் வரைக்கும் உள்ள மதில்களில் அவருடைய மரண அறிவித்தல் கறுப்புக் கரையிட்டு ஒட்டப்பட்டிருந்தது.
3. அன்று பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு வீட்டுக்கு அறுபது பேருக்கு மேல் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.
4. வந்தவர்களில் ஒருவருக்கும் இறந்தவரைத் தெரியாது.
5. பிரேதம் இல்லை. வரப்போவதும் இல்லை.
6. எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.

குடாநாட்டில் எத்தனையோ செத்தவீடுகள் நடந்திருக்கின்றன. ஆனால் இவ்வளவு சரியான முறையில், இவ்வளவு பிழையான ஆளுக்கு ஒரு செத்தவீடு நடத்தியவர் ஆர்ஜென்டினா மாஸ்டர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

என் தொழில் மென்பொருளில் பிழை தேடுவது. ஒரு பிழையைக் கண்டால் அதற்கு இலக்கம் போட்டு, எப்போது வந்தது, எப்படி வந்தது, மறுபடி வரவைக்க முடியுமா என்று எழுதிவைக்க வேண்டும். மாஸ்டரைப் பற்றியும் அப்படித்தான் எழுதப் போகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

மாஸ்டர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். எங்கள் தேவாலயத்தில் மிஷனரிமார் விட்டுப்போன கால்மிதி ஆர்மோனியத்தை முப்பது வருடமாக வாசித்தவர். மனைவியும் ஆசிரியை, ஆரம்பப் பாடசாலையில். ஊருக்கு அவர் ரீச்சர். இவர்களுக்கு ஒரே மகன். யுத்தத்தின் கடைசி மாதத்தில், வன்னியில், அவன் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. அவனுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று ரீச்சரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்ற வெளிநாட்டார் வந்தார்கள். அதில் ஒருவர், ஆர்ஜென்டினாக்காரர், மாஸ்டர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். ஆறரை அடி உயரம். வாசல் நிலையில் தலையை இடித்து இடித்தே தமிழ் படித்தார். அவர் முதலில் சுத்தமாகச் சொல்லப் பழகிய சொல் "ஐயோ". ஒருநாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இந்தப் பையன் எங்கே என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் சொன்னார். ஆர்ஜென்டினாக்காரர் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய், தன் பெட்டியிலிருந்து ஓர் இறுவட்டும் இசைத்தாள் கட்டு ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். எழுதியவர் அவருடைய தாய்மாமன்.

அன்றிலிருந்து எங்கள் மாஸ்டர் கெட்டார்.

அந்தத் தாய்மாமனை மாஸ்டர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "பெரியவர்" என்பார். "பெரியவர் இந்த இடத்திலை ஏழு அடி போடுறார்," "பெரியவருக்கு இப்ப முழங்கால் வருத்தம்," என்று இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் ஒருவரைப் பற்றிக் கதைப்பது போல. நெல்லியடியிலிருந்து வந்த ஒரு கலியாணத் தரகர் இதைக் கேட்டு, பெரியவருக்குக் கலியாணம் கட்டாத பேரன் யாரும் உண்டோ என்று விசாரித்ததாகக்கூடக் கதை.

பட்டப்பெயர் உதைபந்தாட்டத்தால் வந்தது. உலகக் கிண்ண இறுதியாட்டம். வாசிகசாலை முற்றத்தில் திரை கட்டி, ஊர்ப் பெடியன்கள் நீலமும் வெள்ளையும் கோடு போட்ட பனியன்களோடு இருந்தார்கள். ஆட்டம் உச்சத்தில் நிற்கும்போது மாஸ்டர் எழுந்து, இந்த நாட்டில் இவர்களைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அறிவித்தார்.

"அவர் எந்த இடத்திலை விளையாடுறவர், மாஸ்டர்?" என்றான் ஒருவன்.

"பின்னுக்கு."

"டிபென்டரோ?"

"இல்லைத் தம்பி. எல்லாருக்கும் பின்னுக்கு. அம்பது வருசம் கழிச்சுத்தான் அவரைக் கேப்பினம்."

அடுத்த நிமிடம் எதிரணி கோல் போட்டது. பழி மாஸ்டர் மேல் விழுந்தது. பெயரும் விழுந்தது.

மாஸ்டர் ஏற்படுத்திய சேதங்களை நான் ஒரு காலத்தில் குறித்து வைத்திருந்தேன். முக்கியமானவை இரண்டு. ஒன்று, காணிக்கை எடுக்கும் நேரத்தில் பெரியவரின் ஏழு அடி நடையை வாசித்தது. எங்கள் தேவாலயத்தில் காணிக்கைப் பை பிடிப்பவர்கள் ஆர்மோனியத்துக்குக் கால் வைத்து நடப்பவர்கள். ஏழாவது அடியில் எல்லோருக்கும் கால் மாறியது. ஒருவர் தூணில் மோதினார். இரண்டு, ஒரு கலியாணத்தில் மணப்பெண் நுழையும்போது அதையே வாசித்தது. பெண் மூன்று அடி முன்னே வருவதும், நின்று யோசிப்பதுமாக இருந்தாள். மாப்பிள்ளையின் தாய், பெண்ணுக்குச் சம்மதமில்லையாக்கும் என்று அழத் தொடங்கிவிட்டார். போதகர் ஐயா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மாஸ்டர் அதை வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

இவ்வளவும் சிரிப்பதற்கு. இனிச் சொல்லப்போவதற்கு ஊர் சிரிக்கவில்லை.

அந்தக் கட்டில் ஒரு பாடல் இருந்தது. பெரியவர் ஓர் இசைக் கல்லூரியில் படிப்பித்தவர். அவருடைய நாட்டில் இராணுவம் ஆண்ட காலத்தில், அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் போனார்கள். பெரியவர் தினமும் வரவு இடாப்பை எடுத்து அவர்களுடைய பெயர்களையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பெயர்களை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. அவரை வேலையிலிருந்து வெட்டினார்கள். ஸ்பெயினுக்குப் போய், பல வருடம் பியானோக்களுக்குச் சுருதி கூட்டிப் பிழைத்தார். அங்கே இருந்து எழுதிய பாடல் அது. மாஸ்டர் அதற்கு வைத்த தமிழ்ப் பெயர் "இடாப்பு".

அதன் விதிகள் எளியவை. பாடகர் குழு ஒரு சுரக்கூட்டைப் பாடி நிறுத்தும். ஒருவர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். பிறகு மௌனம். அந்த ஆள் காணாமல் போய் எத்தனை வருடமோ, மௌனம் அத்தனை அடி. அடுத்த பெயர். எந்த நாட்டில் பாடினாலும் அந்த நாட்டுப் பெயர்களைப் போட வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி கூட்ட வேண்டும். வந்துவிட்டால் பெயரை எடுத்துவிடலாம்.

மாஸ்டருக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. தன் மகனுடைய பெயர் அவன் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தில், அந்தப் பாடலில், ஒருமுறை கூப்பிடப்பட வேண்டும்.

கழுத்துப்பட்டி கட்டி, சைக்கிளில் ஒவ்வொரு வீடாகப் போனார். பிள்ளையைத் தொலைத்த ஒன்பது வீடுகள், சைவ வீடுகள் உட்பட, பெயர் தந்தன. பத்தாவது அவருடைய வீடு. இசைத்தாளைக் கணினியில் ஏற்றுவதற்காக நான் மடிக்கணினியோடு அவர்கள் குசினி மேசையில் இருந்தபோதுதான் அந்தக் கதை நடந்தது.

"கோயில்லை பேர் வாசிக்கிறது செத்தவைக்கு," என்றார் ரீச்சர். "என்ரை பிள்ளை சாகேல்லை."

"இஞ்சாரும், இது செத்தவையின்ரை பட்டியல் இல்லை. இடாப்பு. நீர் கூப்பிடாத இடாப்போ?"

ரீச்சர் முருங்கைக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஓம், முப்பது வருசம் கூப்பிட்டனான். கூப்பிட்டு வராத பிள்ளைக்கு என்ன போடுறது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? சைபர். என்ரை பிள்ளைக்கு நான் சைபர் போட மாட்டன்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பி, பத்தாவது வரியை வெறுமையாக விடச் சொன்னார். அடிகளை மட்டும் போடச் சொன்னார். போட்டேன்.

தேவாலயச் செயற்குழு இந்த விண்ணப்பத்தைப் பல வருடம் ஆராய்ந்தது. அதன் முடிவுகள் வந்த ஒழுங்கில்: பாடல் நீளம், சுருக்க வேண்டும். பெயர்களை வாசிக்கலாம், மௌனம் வேண்டாம், பிள்ளைகள் அமைதி இழப்பார்கள். பிறகு, மௌனம் இருக்கலாம், பெயர்கள் வேண்டாம், யாராவது வந்து விசாரிப்பார்கள். பிறகு, பெயரும் மௌனமும் இருக்கலாம், பாட்டு வேண்டாம். செயலாளர் இதைக் கடிதத்தில் எழுதி முத்திரை குத்தி அனுப்பினார். மாஸ்டர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதிலை எழுதினார்: "இவ்வருடம் பாடல் மேலும் பத்து அடி நீண்டுள்ளது என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்."

அதற்கிடையில் நாங்கள் பயிற்சி செய்தோம். நான் நடுக்குரல். பாட்டுப் பயிற்சி கால் மணித்தியாலம், மௌனப் பயிற்சி அரை மணித்தியாலம். உலகத்தில் வேறெந்தப் பாடகர் குழுவும் பாடாமல் இருப்பதற்காக இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்காது. "அடி ஒம்பதிலை ஆரோ இருமினது. முதல்லை இருந்து." பேக்கரிப் பாணும் பணிசும் விற்கும் பாண்காரன் வேறு. பின்னேரம் சரியாக நாங்கள் மௌனம் தொடங்கும் நேரத்துக்கு அவனுடைய முச்சக்கரவண்டி அந்தக் கிணுகிணுப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். மாஸ்டர் அவனை மன்னிக்கவே இல்லை. பாண் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

பிறகுதான் பெரியவர் இறந்தார். கண்ணிவெடிக்காரர் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். மாஸ்டர் அறிவித்தலை என்னிடம் தட்டச்சுச் செய்யக் கொண்டுவந்தார். ஆர்ஜென்டினா, டுகுமான் மாகாணத்தைப் பிறப்பிடமாகவும், பியூனஸ் அயர்ஸை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் காலஞ்சென்ற புகையிரத நிலைய அதிபரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், மகள் (ஸ்பெயின்), மகன் (கனடா), இளைய மகள் (ஆர்ஜென்டினா) ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார். துக்கம் விசாரிக்கும் இடம்: கோப்பாய். எல்லாம் முறைப்படி இருந்தது. பெரியவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதே, கர்த்தருக்குள் எப்படி நித்திரையடைவார் என்று கேட்டேன்.

"அது அவரின்ரை பிரச்சினை, பிள்ளை. அறிவித்தலிலை அப்பிடித்தான் போடுறது."

செத்தவீட்டுக்கு வேண்டிய பொருட்களின் பட்டியலையும் தந்தார். கதிரை, வெள்ளைக் கொடி, தேயிலை, சீனி, வெற்றிலைத் தட்டம், பந்தல்காரரின் தொலைபேசி இலக்கம். பட்டியல்களை நான் கவனித்துப் பார்ப்பவள். பெரியவர் இறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் தாள் மடிப்புகளில் கிழிந்து பழுப்பேறி இருந்தது. பந்தல்காரரின் இலக்கம் பழைய இலக்கம். தலைப்பில் யாருடைய பெயரும் இல்லை. அதை எப்போது எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

மதிலில் அறிவித்தல் இருந்தால் போகத்தான் வேண்டும் என்பது எங்கள் ஊர் நியாயம். முன்வளவு வெங்காயத் தோட்டக்காரர் பரமண்ணை முதலாவதாக வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"பிரேதம் எப்ப வருது, மாஸ்டர்?"

"வராது."

"அங்கையே எடுக்கினமோ?"

"ஓம், அங்கையே."

"பிள்ளையள்?"

"மூண்டு பேர். மூத்தவ ஸ்பெயின். பெடியன் கனடா. கடைசி தாயோடை."

பரமண்ணை நெடுநேரம் தலையை ஆட்டினார். "அப்ப எங்கடை ஆக்கள் மாதிரித்தான்," என்றார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவரே விளக்கம் சொல்லத் தொடங்கினார். மாலைக்குள் பெரியவர் பரமண்ணையின் வாயில் மாஸ்டரோடு படித்தவராகி, கொழும்பில் கூட வேலை பார்த்தவராகிவிட்டார். ரீச்சர் அன்று முழுக்கக் குசினியிலேயே நின்று தேநீர் ஊற்றினார். ஒருமுறைகூட முன்னுக்கு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுக்குப் பந்தல் போட்டார். கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகம் அச்சடித்தார். அட்டையில் பியானோவுக்கு முன்னால் பெரியவர், உள்ளே அவருடைய வாழ்க்கை வரலாறு: கரும்பு விளையும் ஊரில் பிறந்தது, கோயில் ஆர்மோனியத்தில் கை பழகியது, பாரிசில் படித்தது, இடாப்பு, ஸ்பெயின், முழங்கால். ஒரு வெண்பாவும் இருந்தது. தளை தட்டுகிறது என்று தமிழ் வாத்தியார் ஒருவர் அங்கேயே சொன்னார். அது ஏழு அடித் தாளத்தில் எழுதியது, தட்டத்தான் செய்யும் என்றார் மாஸ்டர்.

யாழ்ப்பாணத்தில் எந்தச் செயற்குழுவும் தடுக்க முடியாத இடம் ஒன்று உண்டு என்றால் அது செத்தவீடுதான். பாடகர் குழுவில் ஒருவரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பெயர் தந்த ஒன்பது வீட்டாரும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். அப்போதுதான் அவர் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. செயலாளருக்கும் விளங்கியது. அவர் கையில் தேநீரோடு இருந்தார், எழும்ப முடியவில்லை.

பாடினோம். நிறுத்தினோம். மாஸ்டர் முதல் பெயரைக் கூப்பிட்டார், ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெண்ணின் தாய் மகளுக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்து, யாரும் பதில் சொல்லக் கூடாது என்று நினைவு வந்து மூடிக்கொண்டார். ஒன்பது பெயர்களும் அப்படியே போயின. பத்தாவது முறை பாடி நிறுத்தினோம். ரீச்சருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. மாஸ்டர் பெயரைக் கூப்பிடவில்லை. வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் அடி போடத் தொடங்கினார். யாருடைய வரி என்று தெரியாதவர்கள் அந்தப் பந்தலில் இல்லை.

மூன்றாவது அடியில் ஒழுங்கை முகப்பில் பாண்காரனின் பாட்டுக் கேட்டது.

குசினிக் கதவு திறந்தது. ரீச்சர் பந்தலின் நடுவால், யாரையும் பார்க்காமல், கையில் தேநீர் வடியோடு படலைக்குப் போனார். வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டும்," என்றார். "எண்ணிக்கொண்டிருக்கினம்."

அவன் நிறுத்தினான். ரீச்சர் அங்கேயே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் பதினான்கு அடியும் போட்டு முடித்தார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். ரீச்சர் பாண்காரனிடம் இரண்டு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அதன் பிறகு மாஸ்டர் செயற்குழுவுக்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினார். கடந்த மாரியில் காய்ச்சல் என்று படுத்தவர் ஐந்தாம் நாள் போய்விட்டார்.

அறிவித்தலை ரீச்சர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். இன்னாரின் அன்புக் கணவரும், என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மகனுடைய பெயரைச் சொன்னார், முழுப் பெயரையும். அடைப்புக்குறி போடச் சொன்னார். உள்ளே என்ன என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அரை மணித்தியாலத்தில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். "தங்கச்சி, மகனுக்குப் பக்கத்திலை அடைப்புக்குறி வெறுமையாக் கிடக்கு. எந்த நாடு?"

ரீச்சரைப் பார்த்தேன். அப்படியே விடச் சொன்னார். அழைத்தவர் குரலைத் தாழ்த்தி, காலஞ்சென்ற என்று போடவோ என்று கேட்டார்.

"வேண்டாம் எண்டு சொல்லும், பிள்ளை," என்றார் ரீச்சர். "உயிரோடை இருக்கிற பிள்ளையளுக்குப் போடுற மாதிரித்தான் அது."

அடக்க ஆராதனையில் போதகர் ஐயா அந்த அறிவித்தலை வாசித்தார். அப்படித்தான் மாஸ்டர் ஆசைப்பட்ட பெயர் மாஸ்டர் ஆசைப்பட்ட தேவாலயத்தில் கூப்பிடப்பட்டது. கேட்க வேண்டிய ஆள் பெட்டிக்குள் கிடந்தார். போதகர் ஐயாவுக்கு அடைப்புக்குறியை எப்படி வாசிப்பது என்று தெரியவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எண்ணினேன். நாலு அடி. பதினாறு இருக்க வேண்டும். மாஸ்டர் இருந்திருந்தால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பார்.

இப்போதைய நிலை இதுதான். செயற்குழு விண்ணப்பத்தை இன்னும் ஆராய்கிறது. ஆர்மோனியத்தை யாரும் வாசிப்பதில்லை. காணிக்கைப் பை பிடிப்பவர்கள் ஒழுங்காக நடக்கிறார்கள். இந்தத் தை மாதம் ரீச்சர் குடையோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் ஒவ்வொண்டு கூட்டியாச்சோ என்று கேட்டார். ஓம் என்றேன். கடைசி வரிக்கும்? அதற்கும் ஓம், பதினேழு என்றேன். பெயரைப் போடச் சொல்லவில்லை, போகவும் இல்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார். கணினியில் இடாப்புக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், பத்தாவது வரியில் சொல் இல்லை, பிழை என்று கணினி எச்சரிக்கிறது. பிழை திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதை நான் திருத்தவில்லை. அடுத்த தையில் பதினெட்டாக்க வேண்டும்.